பங்களா சாகிப் சாலையின் பேரெண்கள்

ஆதார் அட்டையில் அச்சாகியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கைபேசியில் உள்ள சாதாரண க்யூஆர் செயலியால் ஒருமுறை படித்துப் பாருங்கள். புதிய வகைக் கட்டமாக இருந்தால் பெயரும் வராது, முகவரியும் வராது. திரை முழுக்க இலக்கங்கள் வரும். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். நடுவில் ஓர் எழுத்தோ காற்புள்ளியோ கிடையாது. சில ஆயிரம் இலக்கங்கள் கொண்ட அந்தச் சரம் மொத்தமும் ஒரே ஒரு முழு எண்.

பெயர், பிறந்த தேதி, முகவரி, சுருக்கிய புகைப்படம் எல்லாவற்றையும் பைட்டுகளாக அடுக்கி, இறுக்கி, அந்த அடுக்கையே ஓர் எண்ணாக வாசித்துப் பத்தடிமானத்தில் எழுதிவிட்டார்கள். இப்படிச் செய்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. இலக்கங்கள் மட்டுமே உள்ள செய்தி என்றால் க்யூஆர் கட்டம் மூன்று இலக்கங்களைப் பத்து பிட்டுகளில் அடைத்துவிடும். மூன்று இலக்கங்களால் எழுதக்கூடியவை 1000. பத்து பிட்டுகளால் எழுதக்கூடியவை 1024. வீணாவது 24 மட்டுமே. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: அந்த எண் பூட்டப்பட்டதல்ல. அதைத் திரும்பப் பைட்டுகளாக்கும் முறை வெளிப்படையானது. ஆகவே பரிசோதனைக்காகக்கூட அதை யாருக்கும் அனுப்பிவைக்காதீர்கள்.

இதே அட்டையில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு எண் உண்டு, 12 இலக்கம். அட்டையில் எங்குமே அச்சாகாத மூன்றாவது எண் ஒன்றும் உண்டு, அதற்கு 617 இலக்கம். மூன்றுக்கும் ஊற்று ஒரே இடம்: புது டெல்லியில் கோல் மார்க்கெட் அருகே, பங்களா சாகிப் சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்திய தனித்துவ அடையாள ஆணையம். 12 இலக்க எண் கைத்தவறைப் பிடிக்கிறது, 617 இலக்க எண் மோசடியைப் பிடிக்கிறது. இரண்டும் முற்றிலும் வேறு வேறு வேலைகள், பின்னால் இருக்கும் கணிதமும் வேறு. ஆனால் பத்திரிகையிலும் பேச்சிலும் இரண்டையும் போட்டுக் குழப்புவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது.

ஆணையம் 2009 ஜனவரியில் அமைக்கப்பட்டது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் டெம்ப்ளி என்ற சிற்றூரில் வழங்கப்பட்டது. அதற்கு முன்பே எண்ணின் வடிவம் முடிவாகியிருந்தது. எண்ணுக்குள் எந்தச் செய்தியும் இருக்கக் கூடாது என்பது முதல் முடிவு. அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த அந்த ஆறு இலக்கம் 11 என்று தொடங்கினால் டெல்லி, 60 என்று தொடங்கினால் சென்னைப் பக்கம். எண்ணே ஊரைச் சொல்லிவிடும். ஊரோ சாதியோ பிறந்த ஆண்டோ ஒருவரின் அடையாள எண்ணில் தெரிந்தால் என்னென்ன நடக்கும் என்று நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனவே ஆதாரின் இலக்கங்கள் குருட்டாம்போக்கில் எடுக்கப்படுகின்றன. 0, 1 ஆகிய இரண்டிலும் தொடங்குவதில்லை. முதல் 11 இலக்கங்களுக்கு 8000 கோடி வாய்ப்புகள். இதுவரை எண் பெற்றவர்கள் 130 கோடிக்கு மேல். ஆக ஏறத்தாழ அறுபது இடங்களில் ஒன்றில்தான் ஆள் இருக்கிறார், மற்றவை காலி.

பன்னிரண்டாவது இலக்கம் குருட்டாம்போக்கில் வருவதல்ல. முன்னால் உள்ள 11 இலக்கங்களும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. சோதனை இலக்கம் என்று அதைச் சொல்லலாம். ரேஷன் கடையிலோ இ-சேவை மையத்திலோ ஒருவர் எண்ணைத் தவறாகத் தட்டினால், கேள்வி ஆணையத்துக்குப் போவதற்கு முன்பே அங்கே இருக்கும் கணினி 'தவறான எண்' என்று சொல்லிவிட முடிவது இதனால்தான்.

மனிதர்கள் எண்களை எப்படித் தவறாக எழுதுகிறார்கள் என்பதை உட்கார்ந்து ஆராய்ந்தவர் நெதர்லாந்துக் கணிதர் யாக்கோபஸ் வெர்ஹூஃப். 1969-இல் அவர் எழுதிய நூலின் கணக்குப்படி, நூறு தவறுகளில் ஏறத்தாழ 79 ஏதோ ஒரு இலக்கத்தை மாற்றி எழுதுவது. சுமார் 10, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றி எழுதுவது, அதாவது 27 என்பதற்கு 72. மற்ற வகைகள் ஒவ்வொன்றும் இதைவிட மிகக் குறைவு. டெல்லியில் குடியேறிய தமிழர்களுக்கு இந்தி எண்களில் உன்சட், உன்ஹத்தர், உன்னாசி என்று 59, 69, 79 மூன்றும் வருடக்கணக்கில் தலைசுற்ற வைப்பவை. அந்தக் குழப்பமும் ஒரு இலக்கம் மாறும் வகைதான். ஆக இந்த இரண்டு வகைகளையும் ஒன்று விடாமல் பிடிக்கும் முறை கிடைத்தால் போதும், பத்தில் ஒன்பது தவறுகள் ஒழிந்தன.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொரு இலக்கத்தையும் ஏதோ ஒன்றால் பெருக்கிக் கூட்டி, கடைசி இலக்கத்தைப் பார்த்தால் ஆயிற்று என்று தோன்றும். நீங்கள் கையில் வைத்திருக்கும் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்புங்கள். பார்கோடுக்கு அருகில் 13 இலக்க ஐஎஸ்பிஎன் இருக்கும். அதில் இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் கூட்டுத்தொகை 0-வில் முடியும். ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினால் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் 2-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றினால்? 1×2 + 3×7 = 23. 1×7 + 3×2 = 13. இரண்டும் 3-இல்தான் முடிகின்றன. தவறு தப்பிவிட்டது. வித்தியாசம் 5 ஆக இருக்கும் எந்த இரண்டு இலக்கங்களுக்கும் இதே கதை. வங்கி அட்டைகளில் இருக்கும் முறை ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கியது, 1960-இல் காப்புரிமை பெற்றது. அது இன்னும் கெட்டிக்காரத்தனமானது, ஆனாலும் 09 என்பதை 90 என்று எழுதினால் கண்டுகொள்ளாது.

இன்னும் புத்திசாலித்தனமாக ஒரு அட்டவணை போட்டால் இந்த ஓட்டையையும் அடைத்துவிடலாமோ? முடியாது. எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் முடியாது என்று நிறுவிவிடலாம். அந்த நிறுவல் இந்த அத்தியாயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

பக்கத்து இடங்கள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் இடத்து இலக்கத்தை அப்படியே வைக்கிறோம். இரண்டாம் இடத்து இலக்கத்தை ஓர் அட்டவணை பார்த்து வேறொன்றாக மாற்றிக் கூட்டுகிறோம், கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்கிறோம். ஒற்றை இலக்கத் தவறு தப்பக் கூடாதென்றால் அட்டவணையின் வலப்பக்கத்தில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வர வேண்டும். இடமாற்றமும் தப்பக் கூடாதென்றால் இன்னொரு நிபந்தனை சேரும். அட்டவணை தரும் மதிப்பிலிருந்து அசல் இலக்கத்தைக் கழித்துப் பாருங்கள். கழித்ததில் கடைசி இலக்கம் எந்த இரண்டு இலக்கங்களுக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் அந்த இரண்டையும் இடம் மாற்றும்போது கூட்டுத்தொகை மாறாது. பத்து இலக்கங்கள், பத்துக் கழித்தல்கள், பத்தும் வெவ்வேறு. அப்படியென்றால் அவை 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வந்தே தீர வேண்டும். அவற்றைக் கூட்டினால் 45, அதாவது 5-இல் முடியும். ஆனால் அதே கூட்டலை வேறு வழியில் செய்யலாம். அட்டவணை மதிப்புகளின் கூட்டுத்தொகை 45, அசல் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 45, கழித்தால் 0. ஒரே கூட்டல் 5-இலும் 0-விலும் முடியாது. ஆகவே அப்படி ஓர் அட்டவணை உலகத்தில் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

பத்துக்குப் பதிலாக 11-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும், ஏனெனில் 11 ஒற்றைப்படைப் பகா எண். பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன் அப்படித்தான் செய்தது. ஆனால் மீதி 10 வந்தால் எழுத இலக்கம் இல்லை. அங்கே ரோமானிய எக்ஸ் போட்டார்கள். புத்தகத்துக்குச் சரி. பொத்தான் கைபேசியில் எண் தட்டும் விவசாயிக்கு எக்ஸ் எங்கே இருக்கிறது?

வெர்ஹூஃப் கண்ட வழி, கூட்டலையே மாற்றிவிடுவது. மேலே உள்ள நிறுவலை இன்னொரு முறை படித்தால் ஓர் இடத்தில் சத்தமில்லாமல் ஒரு சலுகை எடுத்துக்கொண்டது தெரியும். பத்து எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்று வைத்துக்கொண்டோம். பள்ளியில் பரிமாற்றுப் பண்பு என்று படித்தது அதுதான். அந்தப் பண்பு இல்லாத கூட்டல் ஒன்று இருந்தால்?

இருக்கிறது. ஒழுங்கான ஐங்கோண வடிவில் ஓர் அட்டையை வெட்டி எடுத்துவிட்டு, அதே துளைக்குள் மறுபடி பொருத்துங்கள். சுழற்றிச் சுழற்றி வைக்க ஐந்து விதம், புரட்டிப் போட்டு வைக்க இன்னும் ஐந்து விதம். மொத்தம் பத்து, நமக்கு வேண்டிய இலக்கங்கள் அளவுக்கே. 0 முதல் 4 வரை சுழற்சிகள், 5 முதல் 9 வரை புரட்டல்கள். ஒன்றைச் செய்து அடுத்ததைச் செய்வதுதான் இங்கே 'கூட்டல்'. சுழற்றிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. கணக்காகச் சொன்னால், சிறியவை (0 முதல் 4 வரை) இரண்டு வந்தால் கூட்டி, 5 அல்லது அதற்கு மேல் போனால் 5-ஐக் கழிக்க வேண்டும். சிறியது முன்னும் பெரியது பின்னும் வந்தால் பெரியதிலிருந்து 5-ஐத் தள்ளிவிட்டு அப்படியே கூட்டி, கடைசியில் 5 சேர்க்க வேண்டும். பெரியது முன்னே வந்தால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். இரண்டும் பெரியவை என்றால் முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, எதிர்மறை வந்தால் 5 சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த விதியில் 2-உம் 7-உம் சேர்ந்தால் 9, 7-உம் 2-உம் சேர்ந்தால் 5. கணிதத்தில் இப்படிப்பட்ட அமைப்புக்குக் குலம் என்று பெயர்.

இது மட்டும் போதாது. சுழற்சிகள் தங்களுக்குள் இன்னமும் வரிசை பார்ப்பதில்லை. அதற்காக வெர்ஹூஃப் ஓர் உருமாற்றம் சேர்த்தார். 0 ஆனது 1, 1 ஆனது 5, 5 ஆனது 8, 8 ஆனது 9, 9 ஆனது 4, 4 ஆனது 2, 2 ஆனது 7, 7 திரும்ப 0. மிஞ்சிய 3-உம் 6-உம் ஒன்று மற்றொன்றாக மாறும். வலது ஓரத்து இலக்கத்தை அப்படியே விட்டு, அடுத்ததை ஒருமுறை மாற்றி, அதற்கடுத்ததை இருமுறை மாற்றி என்று இடப்பக்கம் போக வேண்டும்.

டெல்லி தலைநகராக அறிவிக்கப்பட்ட 1911-க்கு ஒரு சோதனை இலக்கம் கண்டுபிடிப்போம். வலது ஓரம் சோதனை இலக்கத்துக்கான காலி இடம். அதற்கு இடப்பக்கம் 1, ஒருமுறை மாற்றினால் 5. அடுத்த 1 இருமுறை மாறி 8. அடுத்த 9 மும்முறை மாறி 7. கடைசி 1 நான்கு முறை மாறி 4. இப்போது 5-உம் 8-உம் சேர்ந்தால் 2. அதனோடு 7 சேர்ந்தால் 9. அதனோடு 4 சேர்ந்தால் 5. இந்த 5-உடன் சேர்ந்து 0 தரும் இலக்கம் 5-தான், ஏனெனில் ஒரே புரட்டலை இருமுறை செய்தால் அட்டை பழைய நிலைக்கு வரும். ஆகவே எண் 19115. யாராவது இதை 91115 என்று எழுதிவிட்டால், அதே கணக்கில் 5, 5, 8, 9, 0 என்று கிடைக்கும், சேர்த்தால் 0 வர வேண்டிய இடத்தில் 4 வரும். மாட்டிக்கொண்டார். உங்கள் ஆதார் எண்ணையும் இப்படிக் கையால் சோதிக்கலாம். எட்டு முறைக்கு மேல் மாற்றங்கள் முதலிலிருந்து திரும்பத் தொடங்கிவிடும் என்பதால் வேலை அதிகமில்லை.

இந்த இலக்கத்தால் எது முடியாது என்பதும் இத்துடன் சேர்த்துப் பேச வேண்டியது. ஐங்கோணக் கணக்கு யாருக்கும் ரகசியமல்ல. மேலே உள்ள மூன்று பத்திகளை வைத்து ஒரு பள்ளி மாணவி 11 இலக்கங்களைத் தன் இஷ்டத்துக்கு எழுதி, பன்னிரண்டாவதைக் கணக்கிட்டுவிடுவாள். எந்தக் கணினியும் அதைச் 'சரியான வடிவம்' என்றே சொல்லும். அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு அது சான்றாகாது. எண் சோதனையில் தேறியது, ஆகவே அட்டை உண்மையானது என்று நினைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு கொடுப்பவர்கள் நிறைய. அவர்கள் கேட்க வேண்டிய எண் வேறு.

அது 617 இலக்க எண். க்யூஆர் கட்டத்தில் இருக்கும் சில ஆயிரம் இலக்கப் பேரெண்ணைப் பைட்டுகளாகப் பிரித்தால், கடைசி 256 பைட்டுகள் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம். 256 பைட்டு என்றால் 2048 பிட்டு. இதன் பின்னால் இருக்கும் முறை 1977-இல் ரிவெஸ்ட், ஷாமிர், ஏடில்மன் மூவரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய ஆர்எஸ்ஏ. பொம்மை அளவில் பார்த்தால் விளங்கிவிடும். 3-ஐயும் 11-ஐயும் பெருக்கினால் 33. ஆணையம் 33 என்ற எண்ணையும் 3 என்ற அடுக்கையும் ஊருக்கே அறிவிக்கிறது. 7 என்ற அடுக்கைத் தன்னிடம் ரகசியமாக வைத்துக்கொள்கிறது. உங்கள் விவரங்களின் சாரம் 4 என்று வைத்துக்கொள்வோம். 4-இன் ஏழாம் அடுக்கு 16384, அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இதுதான் கையொப்பம், கட்டத்தில் அச்சாகிறது. சரிபார்ப்பவர் 16-இன் மூன்றாம் அடுக்கை எடுக்கிறார்: 4096. 33-ஆல் வகுத்தால் மீதி 4. பெயரில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் சாரம் 4 ஆக இருந்திருக்காது, பொருந்தியிருக்காது. டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, இணைய இணைப்பே வேண்டியதில்லை.

ரகசியமான 7 எங்கிருந்து வந்தது? 3-இலிருந்தும் 11-இலிருந்தும் ஒன்று ஒன்று குறைத்துப் பெருக்கினால் 20. 3×7 = 21, அது 20-ஐ விட ஒன்று அதிகம். அவ்வளவுதான் ரகசியம். 33-ஐக் காரணிப்படுத்தத் தெரிந்தவர் யாரும் ஆணையத்தின் பெயரில் கையொப்பமிடலாம். ஆகவே 33-இன் இடத்தில், 300-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்த அந்த 617 இலக்க எண்ணை வைக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய பகா எண்களுக்கு எங்கே போவது? அவை அரிதானவை என்று நினைப்பது இயல்பு, ஆனால் உண்மை நேர்மாறு. பகா எண் தேற்றத்தின்படி, அந்த அளவிலான எண்களில் சுமார் 710-க்கு ஒன்று பகா எண். இரட்டைப்படைகளை ஒதுக்கிவிட்டால் 355-க்கு ஒன்று. குருட்டாம்போக்கில் ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்துச் சோதிப்பது, தேறாவிட்டால் வேறொன்று எடுப்பது, இதுவே முறை. சோதிப்பது எப்படி என்பதில்தான் அழகு. 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் எட்டாம் அடுக்கு 256, அதை 9-ஆல் வகுத்தால் மீதி 4. 9 பகா எண்ணாக இருந்திருந்தால் மீதி 1 வந்திருக்க வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா சொல்லிவிட்டார். ஆகவே 9 பகு எண். ஆனால் இந்தக் கணக்கில் 3 எங்கேயாவது தலைகாட்டியதா? ஓர் எண் உடையும் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது, எங்கே உடையும் என்று துளியும் தெரியவில்லை. இந்த இடைவெளியில்தான் நம் காலத்து ரகசியங்கள் பெரும்பாலும் குடியிருக்கின்றன.

ஃபெர்மாவின் சோதனையை ஏமாற்றும் பகு எண்கள் சில உண்டு. 561, 1105, அடுத்தது 1729. ஆம், ராமானுஜனின் டாக்ஸி எண்தான். அது 7×13×19, ஆனால் இந்தச் சோதனையில் பகா எண்ணைப் போலவே முகம் காட்டும். மில்லர், ரேபின் இருவரும் 1970-களில் தொடங்கிச் செம்மைப்படுத்திய சோதனை இந்த ஏமாற்றுக்காரர்களையும் பிடித்துவிடுகிறது, நடைமுறையில் உபயோகிப்பது அதைத்தான். ஆனால் அது தற்செயலை நம்பியது. பிசகும் வாய்ப்பு நினைத்த அளவுக்குச் சிறிது, பூச்சியம் அல்ல. வாய்ப்பை நம்பாமல், நிச்சயமாக, அதே சமயம் விரைவாக ஓர் எண் பகா எண்ணா என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி நெடுங்காலம் திறந்தே கிடந்தது. 2002 ஆகஸ்டில் விடை வந்தது டெல்லி–ஹவுரா ரயில் பாதையில் இருக்கும் கான்பூரிலிருந்து. அங்குள்ள ஐஐடியின் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் 'முடியும்' என்று சில பக்கங்களில் நிறுவினார்கள். 2006-இல் அவர்களுக்கு கேடல் பரிசு கிடைத்தது. இந்திய நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த கணினியியல் முடிவுகளில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கவனியுங்கள், அவர்களுடைய முறையும் காரணிகளைச் சொல்வதில்லை.

2018 மார்ச்சில் இந்த அளவுப் பேரெண் பற்றிய பேச்சு உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. ஆதார் வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்துக்கொண்டிருந்தது. தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட சுவர்களுக்குள் பத்திரமாக இருப்பதாக அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால் சொன்னார். நாடு முழுக்கச் சிரிப்பு. அடுத்த நாள் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி அஜய் பூஷண் பாண்டே திரைக்காட்சியுடன் வந்து, 2048 பிட்டுப் பூட்டை உடைக்க உலகின் அதிவேகக் கணினிக்கும் பிரபஞ்சத்தின் வயதை விட அதிக காலம் ஆகும் என்று விளக்கினார்.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். இன்று தெரிந்த முறைகளை, இன்றுள்ள கணினிகளில் போட்டால் அவர் சொன்னது சரி. அந்த நிபந்தனையைச் சேர்க்காமல் சொல்வதுதான் எனக்கு நெருடுகிறது, ஏனெனில் இதே பேச்சு முன்பும் பேசப்பட்டது. 1977-இல் 129 இலக்க எண் ஒன்றைப் பத்திரிகையில் சவாலாக வெளியிட்டபோது, அதை உடைக்க 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று கணித்தவர் ரிவெஸ்டேதான். 1994-இல், 17 ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத நிலையில், சுமார் 600 தன்னார்வலர்கள் 1600 கணினிகளை இணைத்து எட்டு மாதத்தில் அதை இரண்டாக உடைத்துவிட்டார்கள். கணினிகள் வேகமானது காரணத்தில் ஒரு பாதி. காரணிப்படுத்தும் முறைகள் கூர்மையானது மறுபாதி, அதை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. ஒரே ஒரு செயலி உட்கரு தனியாகச் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை அது. 617 இலக்கம் இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது.

காரணிப்படுத்தாமலே தோற்கும் வழிகளும் உண்டு. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் கிடைக்கும் லட்சக்கணக்கான ஆர்எஸ்ஏ எண்களைத் திரட்டி, இரண்டிரண்டாக ஒப்பிட்டன. சில கருவிகள் பகா எண்ணைப் பொறுக்கும்போது தற்செயல் போதாமல், வெவ்வேறு எண்களுக்கு ஒரே பகா எண்ணைப் பயன்படுத்தியிருந்தன. அப்போது என்ன ஆகும்? 1591, 1763 என்று இரண்டு எண்கள் வெளியே இருக்கின்றன. தனித்தனியே காரணி தேட வேண்டாம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 172. 1591-ஐ 172-ஆல் வகுத்தால் மீதி 43. 172-ஐ 43-ஆல் வகுத்தால் மீதி இல்லை. பொதுக் காரணி 43, இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. 37×43, 41×43. மாறி மாறி வகுக்கும் இந்த முறை யூக்ளிடுடையது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிவைத்த, குட்டகம் எனப்படும் முறையும் இதே வகுத்தலின் மேல் கட்டியதுதான். இலக்கங்கள் 617 ஆனாலும் கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேரம். எண்ணின் பருமனைப் பற்றி நீதிமன்றத்தில் எவ்வளவு பேசினாலும், அது எப்படிப் பொறுக்கப்பட்டது என்பதே முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி எண் கோட்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. அதே 2018 ஜனவரியில் டிரிப்யூன் நாளிதழ், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்கும் நுழைவு அனுமதி கிடைப்பதாகச் செய்தி வெளியிட்டது. கைரேகைத் தகவல்கள் பாதுகாப்பாகவே இருப்பதாக ஆணையம் பதில் சொன்னது. கடவுச்சொல் கைமாறினால் சுவரும் தேவையில்லை, பகா எண்ணும் தேவையில்லை.

1994-இல் இன்னொன்றும் நடந்தது. குவாண்டம் கணினி என்று ஒன்று கட்டப்பட்டால் அது பேரெண்களை எளிதாகக் காரணிப்படுத்தும் என்று பீட்டர் ஷோர் காட்டினார். அப்படிப்பட்ட கணினி இன்னும் கட்டப்படவில்லை, ஆனால் அதற்குத் தேவைப்படும் பருமன் காகிதத்தில் இறங்கிக்கொண்டே வருகிறது. 2048 பிட்டு எண்ணை உடைக்க இரண்டு கோடி க்யூபிட்டுகள் வேண்டும் என்று 2019-இல் கணக்கிட்ட இருவரில் ஒருவரான கிரெய்க் கிட்னி, 2025-இல் பத்து லட்சத்துக்கும் குறைவாகவே போதும் என்று திருத்தினார். அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் வரைவுத் திட்டம் 2030-க்குப் பின் இந்த அளவு எண்களை விலக்கத் தொடங்கி 2035-க்குள் நிறுத்திவிடச் சொல்கிறது.

12 இலக்க எண்ணுக்கு அந்த மாற்றத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஐங்கோணம் எந்தக் குவாண்டம் கணினிக்கும் பயப்பட வேண்டியதில்லை, அது ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை. 8000 கோடி இடங்கள் பல தலைமுறைக்குப் போதும். ஆனால் 617 இலக்க எண் மாற்றப்படும்போது, அதற்கு முன் அச்சான ஒவ்வொரு கட்டத்தின் கடைசி 256 பைட்டுகளும் மதிப்பிழக்கும். 130 கோடிக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகளில் அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி அச்சிட வேண்டியிருக்கும்.